மூன்றாம் நம்பர் டோக்கன்

அத்தியாயம் 11

சேக்காட்டு வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால், படிக்கும்போது இன்னொரு கையில் போன் வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம். உங்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

ஹாலில் நான்கு பெரியவர்கள், நான்கு போன்கள். குழந்தை விஷால் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு தெருமுனை பால் பூத் வரைக்கும் தனியாக நடந்து போய்விட்டான். தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, "யார் ஊட்டுப் புள்ளைங்க இது?" என்று வாசலில் நின்று கேட்டபோதுதான் நான்கு தலைகளும் நிமிர்ந்தன. பெற்றவள் சௌம்யா, பெற்றவன் கோகுல்நாத், தாத்தா கஜபதி, பாட்டி லோகநாயகி. ஒருத்தருக்கும் அவன் இறங்கிப் போனது தெரியாது.

அன்றைக்கே கஜபதி முடிவு கட்டிவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் நெட் கிடையாது. காலைக் காபியில் ஆரம்பித்து விளக்கு வைக்கும் வரை எல்லார் போனும் பெட்டியில்.

கஜபதி சும்மா சொல்கிற ஆள் இல்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் மெயின் கேட்டில் தர்வானாக நின்று ரிடையர் ஆனவர். உள்ளே போகிறவர் எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் போனை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொடுத்தால் ஒரு பித்தளை டோக்கன். சாயங்காலம் டோக்கனை நீட்டினால் போன் திரும்ப வரும். அதே ஏற்பாட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தச்சரிடம் சொல்லி, அறை அறையாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி செய்து, ஹால் சுவரில் மாட்டிப் பூட்டுப் போட்டார். மார்க்கெட்டில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரிடம் போய், பித்தளை வில்லைகளில் நம்பர் வெட்டி வாங்கி வந்தார். அவசரத்துக்குப் பேச ஒரு பழைய பட்டன் போன் மட்டும் டி.வி. மேல் இருக்கும். அதில் நெட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளர்கள் காலியானதும் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் சம்பளத்துக்கு நிற்பவர் மாதிரியே இருந்தது.

"கோலம் வீடியோ பாக்கறது ஒரு குத்தமா? நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று லோகநாயகி முனகிக்கொண்டே தன் போனைக் கொடுத்தாள்.

"வாசல்ல போய்க் கோலம் போடு. அது நெட் இல்லாமயே வரும்" என்றார் கஜபதி.

அடுத்தது சௌம்யா. அவள் போனைக் கொடுக்கத் தயங்கினாள். தயங்கினதற்குக் காரணம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. வேலை. பிரசவத்துக்காக வேலையை விட்டவள் அவள். "ஒரு வருஷம் போகட்டும் சௌமி" என்றான் கோகுல்நாத். வருஷம் போனது. "குழந்தை நடக்கட்டும்" என்றான். குழந்தை நடந்தது. "பேச ஆரம்பிக்கட்டும்" என்றான். குழந்தை வாய் ஓயாமல் பேசுகிறது. அதற்குப் பிறகுதான் அவள் தன் பழைய தோழி ஜமீலா மூலமாக, ஜமீலா வேலை பார்க்கும் கம்பெனியில் விண்ணப்பித்து, சுற்றுச் சுற்றாக இன்டர்வியூ முடித்து, இந்த வேலையைப் பிடித்தாள். ஆறு மாதம் புனேயில் பயிற்சி, பிறகு சென்னையிலேயே வேலை. "போய்ட்டு வா, புள்ளைய நான் பாத்துக்கறேன். உன் புருஷனை வளர்த்த கைதானே இது" என்று லோகநாயகியே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மெயிலைத் திறந்தால் ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். பச்சை என்றால் வருகிறேன். சிவப்பு என்றால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமையே அமுக்கியிருப்பாள். கோகுல்நாத்தான் தடுத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறவன், காலண்டரைப் புரட்டிப் பார்த்துச் சொன்னான்: "இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. ஞாயித்துக்கிழமை தசமி, அவ்வளவு நல்ல நாள். அப்பா போனைக் குடுத்ததும், விளக்கேத்திட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்கலாம். நான் போட்டோ எடுக்கறேன்."

எவ்வளவு ஆசையாகச் சொன்னான் தெரியுமா? அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படி வேண்டாம் என்றே சொல்லாத நல்லவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடமிருந்து ஆண்டவன்தான் நம்மையெல்லாம் காப்பாற்ற வேண்டும்.

"இன்னாமா, குடு" என்றார் கஜபதி. "சாயங்காலம் மொதல்ல உனக்குத்தான். உன் விஷயம் தெரியும் எனக்கு."

அவள் கொடுத்தாள். மூன்றாம் நம்பர் டோக்கன் அவள் கைக்கு வந்தது.

"பத்திரம். தொலைச்சா நாளைக்குக் காலைலதான் போன். மருமகளா இருந்தாலும் அதான், மகனா இருந்தாலும் அதான். டோக்கனைத்தான் நான் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன்."

அவள் அதை ஒரு சேஃப்டி பின்னில் கோத்து, தாலிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள்.

நல்ல நாள் அல்லவா, அம்மாவையும் வரச் சொல்லியிருந்தாள். வேப்பம்பட்டிலிருந்து ரயில் பிடித்து, ஒரு பை முருங்கைக்கீரையோடு தாயம்மா வந்து இறங்கினாள். புருஷன் இறந்துபோய்விட்டான். மூத்த பெண் ஸ்வாதி கட்டினவனை விட்டுவிட்டு வந்து இரண்டு வருஷமாகத் தாயம்மாவோடுதான் இருக்கிறாள். தெருவில் யார் எதைக் கேட்டாலும் அது ஸ்வாதியில்தான் வந்து நிற்கும். அதனால் தாயம்மா தெருவில் நிற்பதையே விட்டுவிட்டாள். அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே சந்தோஷம் சாயங்காலம் விளக்கு வைத்ததும் போனில் பேரனைப் பார்ப்பது.

அந்தப் போனை வாங்கிக் கொடுத்ததும் சௌம்யாதான், சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். தாயம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் திரையில் விஷாலின் முகத்தைப் பெரிதாக வைத்து, "இவன் மூஞ்சியைத் தொட்டா இவன் வருவான். பேசி முடிச்சதும் இந்தச் சிவப்பை அமுக்கு, கட் ஆயிடும்" என்று சொல்லிக் கொடுத்தாள். முகம், சிவப்பு. தாயம்மாவுக்குப் போன் என்றால் அவ்வளவுதான்.

சம்பந்தியின் போனைக் கஜபதி கேட்கவில்லை. வந்த விருந்தாளிக்கு விதி கிடையாது என்று விட்டுவிட்டார். 'அம்மா போனிலேயே மெயிலைத் திறந்து அமுக்கிவிடலாமா' என்று சௌம்யாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. விளக்கு, போட்டோ என்று அவன் ஆசைப்பட்டதை நினைத்து விட்டுவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவள் பிற்பாடு நினைத்து நினைத்துப் புழுங்கப் போகிறாள்.

"தலை இன்னாடி இப்படி காஞ்சு கெடக்குது?" என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள் தாயம்மா. "குந்து. எண்ணெ வச்சு உடறேன்."

"இன்னைக்கா? ஞாயித்துக்கிழமையில பொம்பளைங்க எண்ணெ தேய்ப்பாங்களா சம்பந்தி?" என்று சமையலறையிலிருந்து லோகநாயகி கேட்டாள். "செவ்வா, வெள்ளிதானே நமக்கு? நீங்கதான் கெழமை தப்பினா சண்டைக்கு வருவீங்க."

"நான் வர்ற அன்னைக்குத்தானே முடியும்" என்றாள் தாயம்மா.

சரிதானே, என்று லோகநாயகியும் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

பின்கட்டில் பெண்ணை உட்கார வைத்து, நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்துத் தட்டித் தட்டித் தேய்த்தாள் தாயம்மா. சௌம்யாவுக்குக் கண் சொக்கியது. அம்மா இப்படித் தலையைத் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று.

"வேலைக்குப் போய்த்தான் ஆவணுமா கண்ணு?"

"அம்மா, அது முடிஞ்ச கதை. அவரே சரின்னுட்டாரு."

"அவரு சரின்னுதான் சொல்லுவாரு."

"அப்புறம் என்ன?"

தாயம்மா கழுத்துக்கு இறங்கித் தேய்த்தாள். "இன்னாத்தடி மாட்டிகினு கீற? பின்னு கையைக் குத்துது. கழட்டி வை."

சௌம்யா பின்னைக் கழற்றி டோக்கனோடு ஜன்னல் கட்டையில் வைத்தாள். "பாத்துக்கோம்மா, தொலைஞ்சா மாமா தர மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, சீயக்காய்க் கிண்ணத்தோடு குளிக்கப் போனாள்.

குளித்துவிட்டு வந்தபோது டோக்கன் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்து மாட்டப் பார்த்தாள், பின் வழுக்கியது. எண்ணெய்ப் பிசுக்கு. இவ்வளவு எண்ணெய் தேய்த்தால் எதில்தான் ஒட்டாது என்று நினைத்து, துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

மத்தியானம் கோழிக் குழம்பு. கோகுல்நாத் எழுந்து வந்து தன் கையாலேயே அவளுக்குப் பரிமாறினான். ஈரல் துண்டைத் தேடி எடுத்து அவள் தட்டில் வைத்தான். "சாப்பிடு சௌமி. புனேல இந்தக் குழம்பு கிடைக்காது" என்றான். லோகநாயகி சிரித்தாள். தாயம்மா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

போன் இல்லாத வீடு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கஜபதி பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றினார். லோகநாயகி வெயில் தாழ்ந்ததும் நிஜமாகவே வாசலில் ஒரு கோலம் போட்டாள். சௌம்யா குழந்தையின் சட்டைகளை மடித்து, எது எது எங்கே இருக்கிறது என்று மாமியாருக்குக் காட்டிக் கொடுத்தாள். அவள் மனசு பாதி புனேயில் இருந்தது.

விளக்கு ஏற்றினாள். கஜபதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். "மொதல்ல மூணாம் நம்பர்" என்று கூப்பிட்டார். அவள் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினாள். கோகுல்நாத்தும் தன் போனை வாங்கி, சொன்னபடியே போட்டோ எடுக்கத் தயாராக எதிரில் நின்றான்.

சௌம்யா மெயிலைத் திறந்தாள்.

பட்டன்கள் இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அதற்கு மேலே புதிதாக ஒரு மெயில் இருந்தது. வேலை வேண்டாம் என்று தாங்கள் தெரிவித்ததை ஏற்றுக்கொண்டோம், தங்கள் முடிவை மதிக்கிறோம், அந்த இடம் அடுத்தவருக்கு அளிக்கப்படும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"ம், அமுக்கு சௌமி. ரெடி" என்றான் கோகுல்நாத், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

அவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"வேணாம்னு போயிருக்குங்க."

"என்ன போயிருக்கு?"

"வேலை வேணாம்னு நான் சொன்னதா போயிருக்கு. என் போன்லேர்ந்து."

"அய்யோ." அவன் போனைத் தாழ்த்தினான். "நேத்து விஷால் உன் போனை வச்சு விளையாடிட்டிருந்தான் இல்ல? அவன் எங்கயாவது அமுக்கியிருப்பான். குழந்தைதானே, என்ன தெரியும்."

தான் செய்ததைத் தான் பெற்ற பிள்ளையின் தலையில் கட்டுவதற்கு அவனுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூடத் தேவைப்படவில்லை.

"நேத்து இல்லைங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்கு."

ஹாலில் எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு கஜபதியைப் பார்த்தார்கள்.

"சாவி உங்க இடுப்புலதானே கீது?" என்றாள் லோகநாயகி.

கஜபதியின் முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் கேட்டில் ஒரு போன் மாறிப்போனது கிடையாது. "இந்தப் பொட்டியிலேர்ந்து எதுவும் திருட்டுப் போவல" என்றார். "டோக்கன் வந்துச்சு, போனைக் குடுத்தேன். போன் திரும்பி வந்துச்சு, டோக்கனைக் குடுத்தேன். அவ்ளோதான்."

"யார் மாமா கொண்டு வந்தது?"

"நீதான் அவசரம்னு கேட்டனுப்பினன்னு சொன்னாங்க." அவர் வேட்டி ஓரத்தைப் பிடித்துக் காட்டினார். எண்ணெய்க் கறை. "டோக்கன் பூரா எண்ணெ. இதுலதான் தொடைச்சு மாட்டினேன். உங்கம்மாதாம்மா. பெத்த தாய் வந்து கேக்கறாங்க, நான் இன்னான்னு சந்தேகப்படுவேன்?"

தாயம்மா சோபாவில் விஷாலை மடியில் வைத்து வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அம்மா?"

"நான்தான்" என்றாள் தாயம்மா. அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "இன்னாத்துக்கு மறைக்கணும்? மாப்பிள்ள நேத்து வேப்பம்பட்டுக்கு வந்தாரு."

நேற்று அவன் திருமழிசையில் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"வந்து அழுதாருடி. 'அத்தை, நான் வேணாம்னு சொன்னா என்னைக் கெட்டவனா பாப்பா'ன்னு அழுதாரு. ஏற்கெனவே ஒருத்தி புருஷனை உட்டுட்டு வந்து ஊட்டுல குந்திகினு கீறா. நீயும் ஆறு மாசம் அங்க, இவரு இங்கன்னு ஆயி, நாளைக்கு நீயும் பொட்டியத் தூக்கிகினு வந்து நின்னா நான் எங்கடி போவேன்? ரெண்டு பேரை வச்சுகினு அந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன்?"

சௌம்யா புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"யார் அமுக்கினது?"

"நான் அமுக்கலை சௌமி" என்றான் கோகுல்நாத் அவசரமாக. "விஷால் மேல சத்தியமா, அந்த பட்டன் மேல நான் கை வைக்கவே இல்லை."

அது உண்மைதான். அந்த உண்மைக்காகத்தான் அவன் வேப்பம்பட்டு வரைக்கும் போய் வந்திருக்கிறான்.

"அவருக்குக் கை நடுங்குச்சு" என்றாள் தாயம்மா. "போனைத் தொறந்தாரு. எனக்கு இன்னா தெரியும்? இந்தச் சிவப்பை அமுக்குங்க அத்தைன்னு காட்டினாரு. நான்தான் அமுக்கினேன். நீ சொல்லிக் குடுத்தியே, பேசி முடிச்சதும் அமுக்கறதுக்கு. அதே சிவப்பு."

விஷால் பழத்துக்கு வாயைத் திறந்து காட்டினான்.

லோகநாயகிதான் வெடித்தாள். "ஏன்டா, வேணாம்னா வேணாம்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை கையைப் புடிச்சு இந்த வேலையைப் பண்ண வச்சியே, நீ என் வயித்துலதான் பொறந்தியா?"

"வீட்டுல சண்டை வேணாம்னுதான்மா" என்றான் அவன்.

சௌம்யா கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கத்தியிருந்தால் தேவலை. அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தூக்கில் குழம்பும், டிபன் பாக்ஸில் சோறும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஸ்வாதிக்கும் சேர்த்துக் கட்டியிருக்கேன்மா. ரயிலுக்கு நேரமாச்சு. கிளம்பு."

"கண்ணு, அம்மா மேல கோவமா?"

"உனக்கு ஆயிரம் பயம். எனக்குத் தெரியாதா?" அவள் தாயம்மாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கி, சாமி படத்துப் பூவில் ஒரு துண்டு கிள்ளி வைத்தாள். "போனைக் குடு. வழியில சார்ஜ் தீர்ந்துடப் போவுது, பார்த்துத் தரேன்."

தாயம்மா இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதே விட்டாள். பெண் மன்னித்துவிட்டாள் என்ற அழுகை அது.

சௌம்யா போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். திரையில் விஷால் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்துவிடவா என்று கேட்டது. எடு என்றாள். பிறகு தன் நம்பரையும் அதிலிருந்து அழித்தாள். வெளியே வந்து, மேஜைமேல் இருந்த தன் போனை எடுத்து, அம்மாவின் நம்பரை பிளாக் செய்தாள். கை நடுங்கவில்லை.

"சார்ஜ் நிறைய இருக்கும்மா" என்று போனை அம்மாவின் பையில் தானே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "பத்திரமா போ."

தாயம்மா பேரனின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். "ஆயா ரயில் ஏறினதும் கூப்புடறேன். டாட்டா காட்டணும், இன்னா?"

விஷால் சரி என்று தலையாட்டினான். சௌம்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் விடக் கோகுல்நாத் வண்டியை எடுத்தான். கேட்டருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "சௌமி, கோவம் இல்லையே?" என்று கேட்டான்.

"எதுக்குங்க? நீங்கதான் கை வைக்கலையே."

அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இவ்வளவு படித்தவனுக்கு அந்தப் பதில் புரியவில்லை பாருங்கள்.

வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, டி.வி. மேலிருந்த பட்டன் போன் அடித்தது. கஜபதி எடுத்தார். கேட்டார். மருமகளிடம் நீட்டினார். "ஜமீலான்னு ஒரு பொண்ணு. உன் போன் காலைலேர்ந்து கெடைக்கலையாம்."

"சௌம்யா, என்னடி இது?" என்றாள் ஜமீலா எடுத்த எடுப்பில். "நீ வேணாம்னு அனுப்பியிருக்கறதா மேனேஜர் சொல்றாரு. நேத்து ராத்திரி சூட்கேஸ் என்ன சைஸ் வாங்கலாம்னு என்னைக் கேட்டவ நீ."

"நான் அனுப்பலை."

"நினைச்சேன். நாளைக்குக் காலைல அடுத்த ஆளுக்கு மெயில் போகறதுக்கு முன்னாடி அவர்கிட்ட பேசிப் பாக்கறேன். உறுதி சொல்ல முடியாது. ஆனா நான் கேட்டு வாங்கினப்புறம் நீ மாட்டேன்னு சொல்லக் கூடாது. வருவியா?"

கஜபதி பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். லோகநாயகி, மருமகள் மடித்துக் காட்டின குழந்தைச் சட்டைகளை அலமாரியில் தன் புடவைகளுக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எந்தப் பாவமும் செய்யாதவர்கள். சௌம்யா இரண்டு பேரையும் பார்த்தாள்.

"வருவேன்" என்றாள். "தனியா வர மாட்டேன். விஷாலையும் தூக்கிட்டு வருவேன். அங்க குழந்தையைப் பாத்துக்கற இடம் பக்கத்துல இருக்கான்னு கேட்டு வை."

பேரனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கஜபதியின் கை நின்றுவிட்டது. அலமாரிக் கதவைப் பிடித்தபடி லோகநாயகி திரும்பினாள்.

"ஆறு மாசத்துக்கா?" என்று கேட்டாள் ஜமீலா.

சௌம்யா கஜபதியின் தோளிலிருந்து விஷாலை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஆவடி ஸ்டேஷனில், படிக்கட்டு வரைக்கும் வந்து விட்டுவிட்டு மாப்பிள்ளை போய்விட்டான். தாயம்மா பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மனசு லேசாக இருந்தது. நடந்தது தப்புதான், ஆனால் பெண் பிழைத்தாள், குடும்பம் பிழைத்தது. கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும். திருவள்ளூர் வண்டி வர நேரம் இருந்தது. பையைத் திறந்து போனை எடுத்தாள்.

திரையில் விஷாலைக் காணோம்.

போனைத் திருப்பிப் பார்த்தாள். தன் போன்தான். முகம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். ஒன்றும் வரவில்லை. அழுத்தி வைத்தாள். வெறும் நீலமாக இருந்தது. பக்கத்தில் கல்லூரிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் நீட்டினாள்.

"கண்ணு, இதுல ஒரு கொழந்த மூஞ்சி இருக்கும். தொட்டா பேசும். எங்கயோ போயிடுச்சு, கொஞ்சம் எடுத்துக் குடு."

அந்தப் பெண் தேடினாள். "பேர் என்னங்கம்மா போட்டிருக்கும்?"

"பேரு தெரியாது. மூஞ்சிதான்."

"நம்பர் தெரியுமா?"

"தெரியாதும்மா. மூஞ்சியைத்தான் தொடுவேன்."

அவள் இன்னும் கொஞ்சம் தேடிவிட்டுத் தலையை ஆட்டினாள். "தானா போகலைங்கம்மா. யாரோ எடுத்திருக்காங்க. கடைசியா போனை யார் கையில குடுத்தீங்க?"

தாயம்மா தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். திருவள்ளூர் வண்டி வந்து நின்றது. அந்தப் பெண் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினாள்.

"நான் பெத்த பொண்ணு கையில" என்றாள் தாயம்மா, காலி பெஞ்சைப் பார்த்து. வண்டி கிளம்பிப் போனது. அவள் ஏறவில்லை.